ஓடைப்பட்டிக்கு ஒரு பட அட்டை

“ஏலே எடுபட்ட பயலே! கண்ணப் பொடனியிலயா வச்சிருக்க? பிரேக்குன்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு?”

சுருளிவேல் மண்ணில் கிடந்தான். அவன் மேல் அவன் சைக்கிள். அதன் மேல் இன்னொரு சைக்கிள். முழங்கை எரிந்தது. ஆனால் அவனை அசையவிடாமல் வைத்தது அந்தக் குரல்தான்.

இடம் இத்தாலி. பீசா நகரத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஒற்றைச் சாலை. அங்கே, கம்பம் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற மாதிரி ஒரு வசவு...

திட்டியவள் மூச்சு வாங்கினாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, இனிக்க இனிக்கச் சிரித்து, “சாரி... சாரி... ஆர் யூ ஓகே?” என்றாள்.

ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் அவன் முகத்தைப் பாதி மறைத்திருந்தன. அவன் இரண்டையும் கழற்றினான்.

“கண்ணு முன்னாடிதான் இருக்கு. வளைவுல சைக்கிளக் குறுக்க நிப்பாட்டுனது யாரு?”

அவள் கைகள் தானாக வாயைப் பொத்தின. கைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கண்கள். அவற்றில் முதலில் அதிர்ச்சி... பிறகு வெட்கம்... பிறகு அடக்க முடியாத சிரிப்பு. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனதை அவன் பார்த்தான்.

“ஆத்தாடி! நீங்க தமிழா?”

“அனுமந்தன்பட்டி.”

“அட சாமி... நான் ஓடைப்பட்டி!”

இரண்டு ஊருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. சந்தித்துக்கொள்ள ஏழாயிரம் கிலோமீட்டர் வந்திருந்தார்கள்.

“எதுக்கு இங்கன நின்னீங்க?”

“கொடி அழுகுறதப் பாக்க.”

அவள் வேலியோரம் கையைக் காட்டினாள். கிளை நறுக்கும் கவாத்து முடிந்து மொட்டையாக நின்றது ஒரு திராட்சைக்கொடி. வெட்டிய நுனியில் ஒரு துளி நீர். அது கனத்து, வெயிலில் மின்னி, விழுந்தது. அடுத்த துளி திரண்டது.

“எங்க வீட்டுல கொடித்தண்ணிம்பாக. வெட்டுன வாயில இப்படித்தான் சொட்டும். சொட்டி முடிஞ்சாத்தான் துளிர் வரும். சொட்டாத கொடிய நம்பாத, உள்ளுக்குள்ள பட்டுப்போயிருக்கும்னு எங்கப்பா சொல்லுவாக.”

சுருளிவேல் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி முத்துலட்சுமி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூளைக்காய்ச்சல். நான்கே நாள். கல்யாணமாகிப் பதினோரு மாதம். அவன் இதுவரை ஒரு சொட்டு அழவில்லை.

“என்ன... ரொம்ப அடிபட்டுருச்சா?” என்றாள் அவள்.

“இல்ல. வாங்க, நம்ம சைக்கிள் கூட்டம் முன்னாடி போயிருச்சு.”

2008ஆம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம் அது.

சென்னைக் கம்பெனி ஒன்று அவனை ஒரு வருஷ வேலைக்கு டுரின் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. அங்கே அலுவலகப் பலகையில் ஒரு நாள் அந்த அறிவிப்பைப் பார்த்தான். ஆறு நாள் சைக்கிள் பயணம். பீசா, லூக்கா, வோல்தேரா, சியெனா, ஃப்ளோரன்ஸ்... முத்துலட்சுமி ஏதோ வார இதழிலிருந்து கத்தரித்துப் பீரோக் கதவில் ஒட்டிவைத்திருந்த அதே ஊர்கள். “போனா ஊருக்கு ஒரு அட்டையாவது வாங்கணும்” என்பாள். அவன் பெயரைக் கொடுத்துவிட்டான். ஏன் என்று யோசிக்கவில்லை. அந்த நாட்களில் அவன் எதையுமே யோசிக்கவில்லை.

அவள் பெயர் யுவராணி. ஓடைப்பட்டி திராட்சை விவசாயி ஞானசிகாமணியின் ஒரே மகள். விவசாயக் கல்லூரியில் படித்து முடித்து, பீசாவில் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள். காலையில்தான் ஒன்று சேர்ந்த குழு, அறிமுகம்கூட ஆகவில்லை. மொத்தம் ஒன்பது பேர். இவர்கள் இருவரைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அதனால் இருவர் சைக்கிளும் தானாகவே கடைசியில் ஒன்று சேர்ந்தன.

அவள் நிறுத்தாமல் பேசினாள். அவன் பதிலுக்கு ஒரு சொல், இரண்டு சொல்.

“பீசாக் கோபுரம் பாத்தீகளா? சாஞ்சுபோச்சுன்னு உலகமே வந்து பாக்குது. எங்க தெருவுல ஒரு வாட்டர் டேங்க் இதவிட நல்லாச் சாஞ்சிருக்கு. ஒரு நாதி வரமாட்டேங்குது.”

“டிக்கெட் போட்டிருக்க மாட்டாக.”

அவள் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அட... பேசுவீகளா நீங்க!”

லூக்காவில் கோட்டைச் சுவரின் மேலேயே சைக்கிள் ஓட்டலாம். அகலமான சுவர். இருபுறமும் மரங்கள். கீழே ஓட்டுக் கூரைகள், ஜன்னல்களில் காயும் துணிகள். மூன்று சுற்று வந்தார்கள். நான்காவது சுற்றில் அவள் இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினாள். அவனும் விட்டான். அனுமந்தன்பட்டி ரோட்டில் பள்ளிக்கூடத்து நாட்களில் ஓட்டியது. கை மறக்கவில்லை... முகம்தான் சிரிக்க மறந்திருந்தது. அன்று ஞாபகம் வந்தது.

மத்தியானம் நீள நீளமான மாவுக் கயிறுகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள்.

“பருப்புப் பொடி. சேமியா மேல தூவிக்கங்க. ஒண்ணும் ஆகாது.”

“இது சேமியா இல்ல.”

“பேரு எதுவா இருந்தா என்ன? வாயில வெச்சா சேமியாதான்.”

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் தூவினாள்.

பீசாவில் வாங்கியது போலவே, அன்று கடைவீதியிலும் அவன் ஒரு பட அட்டை வாங்கினான். ஓரமாக உட்கார்ந்து, பின்பக்கத்தில் ‘லட்சுமிக்கு’ என்று எழுதினான். அதற்கு மேல் எழுத எதுவும் வரவில்லை. பேனாவை மூடினான்.

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

“லட்சுமி யாரு? வீட்டுக்காரம்மாவா?”

“ம்.”

ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கண்களில் விளக்கு தணிந்ததுபோல இருந்தது. பிறகு அவள் பெரிதாகச் சிரித்தாள்.

“குடுத்துவச்சவுக. ஊருக்கு ஒரு அட்டையா?”

“ஆமா. அவ ஆசப்பட்டுக் கேட்டது.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் இரண்டு வருஷமாக அவன் பார்த்த எல்லா முகங்களிலும் ஒரே இரக்கம்தான் இருந்தது. இவள் ஒருத்திதான் முத்துலட்சுமியை உயிரோடு இருப்பவளாக நினைத்துக் கேட்டாள். என்ன நிறம்... என்ன சமைப்பாள்... கோபம் வருமா... உலகத்தில் ஒருத்தியாவது அப்படி நம்பிக்கொண்டிருக்கட்டுமே என்று இருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

“கோவம் வந்தா தட்டுல சோறு கூடுதலா விழும்” என்றான். “சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசமாட்டா.”

“நல்ல தண்டனையா இருக்கே!”

அதற்குப் பிறகு யுவராணி கையை விட்டு சைக்கிள் ஓட்டவில்லை. கொஞ்சம் முன்னால் போனாள். அல்லது கொஞ்சம் பின்னால் வந்தாள். சரிசமமாக வரவில்லை. அவனுக்கு அது புரியவும் இல்லை.

சியெனாவுக்கு முந்தைய நாள் மழை பிடித்தது. வெள்ளை மண் சாலை. இருபுறமும் பச்சைக் கோதுமை வயல்கள், ஊசிபோல நெட்டைமரங்கள். எங்கிருந்தோ ஓடிவந்த மழை மேட்டுக்கு மேடு தாவி அவர்களைப் பிடித்தது. வைக்கோல் கொட்டகை ஒன்றின் கூரை இறவாரத்துக்குள் ஓடினார்கள்.

இறவாரம் குறுகல். இருவர் தோள்களும் உரசின. அவள் இமைகளில் நீர்முத்துக்கள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் ஒன்று உதிர்ந்தது. சுருளிவேல் அதைப் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்தான். மறுபடி பார்த்தான். மார்புக்குள் ஏதோ... கல்லடியில் தண்ணீர் கசிவது போல...

அவன் தன் சட்டைக்கு மேலே போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

“வேணாங்க. உங்க வீட்டுக்காரம்மா பாத்தா என்ன நெனப்பாக?”

சொல்லிவிட்டு ஓரடி விலகினாள். அந்த ஓரடி இறவாரத்துக்கு வெளியே இருந்தது. மழை விடும்வரை அவள் நனைந்துகொண்டே நின்றாள். வயலைப் பார்த்தபடி.

உள்ளே வாங்க என்று அவன் சொல்லவில்லை.

கடைசி நாள் ஃப்ளோரன்ஸ். ஆற்றுப் பாலத்தில் வரிசையாக நகைக்கடைகள். “பாலத்துல எதுக்குக் கடை? நம்ம முல்லையாத்துப் பாலத்துல இப்படிக் கட்டுனா பஸ்ஸு எதுல போகும்?” என்றாள். பழைய யுவராணி கொஞ்சம் திரும்பி வந்திருந்தாள். மாலை ரயிலில் பீசா போகிறாள். பிரியப் போகிறோம் என்ற தைரியமாக இருக்கலாம்.

தபால் நிலையம் வந்தது.

“எங்கப்பாவுக்கு லெட்டர் போடணும். உங்க அட்டையெல்லாம் குடுங்க. சேத்து ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுர்றேன். இன்னும் ஒண்ணுகூடப் போடல, பையிலயே வச்சிருக்கீக. அங்க ஒருத்தி வாசலையே பாத்துக்கிட்டு இருக்கமாட்டாளா?”

அவன் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தான்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பீசா. லூக்கா. வோல்தேரா. சியெனா. நான்கிலும் ‘லட்சுமிக்கு’. அதற்குக் கீழே வெறுமை. அன்று காலை வாங்கிய ஐந்தாவது அட்டையில் அதுவும் இல்லை.

“அட்ரஸ் எங்க?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“அவ இல்ல, யுவராணி. ரெண்டு வருஷம் ஆச்சு.”

தபால் நிலையத்தில் யாரோ முத்திரை குத்தும் சத்தம். டொக்... டொக்... டொக்...

அவள் கண்கள் நிறைந்தன. இரக்கம் என்று நினைத்தான். இல்லை.

“ஆறு நாளா...” அட்டைகளை அடுக்கி மூடினாள். “ஆறு நாளா என்னயத் திருடி மாதிரி நடமாட விட்டீகளே. யாரோ ஒருத்தி அங்கன சோறாக்கி வச்சுக் காத்திருக்கா, அவ புருசன நீ பாக்காதடி பாவின்னு... எம்மனச எத்தன தடவ எங்காலாலயே மிதிச்சேன் தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்த சொல்ல எம்புட்டு நேரமாகும்?”

அவள் என்ன சொல்லிவிட்டாள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அதற்குள் அவள் அட்டைகளை அவன் கையில் வைத்துவிட்டாள்.

“நான் உங்ககிட்ட எதயும் மறைக்கல. எங்க தோட்டத்துல வண்டு விழுந்த கொடி மொதக்கொண்டு சொன்னேன். நீங்க...”

முடிக்கவில்லை. ரயிலடிக்குப் போகும் கூட்டத்தில் கலந்துவிட்டாள். போன் நம்பர் கேட்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

அடுத்த தை மாதம் சுருளிவேல் ஊருக்கு வந்தான். வேலை முடிந்திருந்தது. சென்னையில் சேர இன்னும் மூன்று வாரம்.

அனுமந்தன்பட்டி வீட்டில் அம்மா பிச்சையம்மாள் பெண் போட்டோக்களைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். அவன் காணும்படியாக, ஆனால் அவள் காட்டாதபடியாக.

“ஏலே, அந்தக் காலண்டர்ல அமாவாச என்னைக்குன்னு பாரு.”

“நாளைக்குத்தான். நான் பாத்துட்டேன்.”

“எதுக்குப் பாத்த?”

“சுருளிக்குப் போகணும்த்தா. லட்சுமிக்குக் குடுக்கணும்.”

தை அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போய் இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்று தை வந்துவிட்டது. பிச்சையம்மாள் முதல் வருஷம் கெஞ்சினாள், அடுத்த வருஷம் திட்டினாள். அவன் போகவில்லை. கொடுத்துவிட்டால் போய்விட்டாள் என்று ஆகிவிடும். இப்போது அவனே கேட்கிறான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் அருவிக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டான். பிறகு நான்கு அட்டைகளையும் ஒவ்வொன்றாக நீரில் வைத்தான். சாய்ந்த கோபுரம் ஒரு சுழலில் சுற்றிவிட்டு நேராக நின்று போயிற்று. சிரிப்பு வந்தது. கேட்டிருந்தாயே லட்சுமி... போட்டுவிட்டேன்.

அப்போதும் அழவில்லை.

ஐந்தாவது அட்டை பையில் இருந்தது. அன்று மாலை அதில் முகவரி எழுதினான். ‘யுவராணி, ஞானசிகாமணி தோட்டம், ஓடைப்பட்டி’. மூன்று வரி எழுதினான். தபால் பெட்டி வரைக்கும் போனான். திரும்பி வந்தான்.

காலையில் அப்பாவின் பழைய சைக்கிளை வெளியே எடுத்துக் காற்றடித்தான்.

“எங்கடா, சைக்கிள எடுத்துக்கிட்டு?” என்றாள் பிச்சையம்மாள்.

“தபால் குடுக்க.”

“பஸ்ஸுல போறதுக்கென்ன? இத்தாலிக்குப் போயும் ஒனக்கு இந்தச் சைக்கிளுக் கிறுக்கு போகலயே!”

உத்தமபாளையம் தாண்டினான். வலப்புறம் மேகமலை நீலமாகப் படுத்திருந்தது. நெற்றியில் மட்டும் மேகம். சின்னமனூர் முக்கில் பஸ் புகை. பிறகு சாலை குறுகியது. பனியில் நனைந்த தென்னைகள்... வாழை... கம்பிப் பந்தலில் படர்ந்த திராட்சை. ஒவ்வொரு வளைவிலும் பெல் அடித்தான். ஒவ்வொரு வளைவிலும் அவள் நிற்பாள் என்று தோன்றியது. லூக்காவின் சுவர், மாவுக் கயிற்றில் தூவிய பருப்புப் பொடி, கையை விட்டு ஓட்டியபோது காற்றில் பறந்த துப்பட்டா... அந்த ஆறு நாட்கள் இந்த ரோட்டில் அவனோடு கூடவே மிதித்து வந்தன.

பத்து மாதம் ஆகிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். ஆகியிருந்தால்... அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவது. இந்த முறை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் திரும்புவது.

ஞானசிகாமணி தோட்டத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அன்று அங்கே கவாத்து. பந்தல் முழுக்க மொட்டை. கீழே குவியல் குவியலாக வெட்டிய கொடிகள். வாசலில் தலைப்பாகையோடு நின்ற பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாவாரியா தம்பி? காய் இல்ல. இன்னும் நாலு மாசமாகும். இப்பத்தான் வெட்டுறோம்.”

“யாவாரி இல்லங்கய்யா. யுவராணியப் பாக்கணும்.”

பெரியவர் முகம் இறுகியது. “நீங்க யாரு?”

பந்தலுக்குள் கத்தரிச் சத்தம் நின்றது. ஸ்டூலிலிருந்து ஒரு உருவம் இறங்கியது. தலையில் துண்டு, கையில் கவாத்துக் கத்தரி. கழுத்தில் தாலி இல்லை. அதைப் பார்த்தோம் என்பதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“தெரியலப்பா,” என்றாள் யுவராணி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இத்தாலியில ஒருத்தரு எம்மேல சைக்கிள ஏத்துனாரு. அவரு மாதிரி இருக்கு.”

“பிரேக் பிடிச்சேன்...” என்றான் அவன்.

“லேட்டாப் பிடிச்சீக.”

அவன் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். ஞானசிகாமணியின் முன்னால் போய் நின்றான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வாக்கியம்.

“அய்யா, எம்பேரு சுருளிவேல். அனுமந்தன்பட்டி. கல்யாணமானவன். எம்மனைவி முத்துலட்சுமி செத்துப்போயி வார பங்குனியோட மூணு வருசம். இத உங்க மககிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லாம மறைச்சு அவுகள நோகடிச்சிட்டேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

செத்துப்போனாள் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

பந்தலுக்குள் போய், பையிலிருந்து அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். ஃப்ளோரன்ஸ் பாலம். வாங்கினாள்.

“தபால்ல போட்டா என்ன?”

“ரெண்டு நாளாகும். சைக்கிள்ல ரெண்டு மணி நேரம்.”

அவள் திருப்பிப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. ‘மற்ற நான்கையும் சுருளியில் சேர்த்துவிட்டேன். இது லட்சுமிக்கு வாங்கியதில்லை. வாங்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.’

மேலே பந்தலில் வெட்டிய நுனிகள் ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி. மேகமில்லாத வானத்துக்குக் கீழே மெல்லிய மழைபோல அங்கங்கே சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளி அட்டையில் விழுந்தது. ஒன்று அவன் நெற்றியில். ஒன்று கன்னத்தில்...

கன்னத்தில் விழுந்தது சுட்டது. அவன் துடைத்தான். இன்னொன்று வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. மூன்று வருஷத்துத் தண்ணீர். தோள்கள் குலுங்குவதை அவனால் நிறுத்த முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என்னம்மா இது... தம்பி கண்ணு...” என்றார் ஞானசிகாமணி.

“கொடித்தண்ணிப்பா,” என்றாள் யுவராணி. கை பந்தலைக் காட்டியது. “மேல இருந்து சொட்டுது.”

பெரியவர் பந்தலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மகளைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். நாற்பது வருஷம் கொடி பார்த்த கண்.

“சொட்டட்டும்,” என்றார். “மோட்டாரு ஓடுது. நிப்பாட்டிட்டு வாரேன்.”

மோட்டார் எதுவும் ஓடவில்லை. அவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்து போனார்.

யுவராணி அப்பா போவதைப் பார்த்தபடி பந்தலுக்கு வெளியே வந்து நின்றாள். அவன் உள்ளே. நடுவே ஓரடி.

“அட்டையில எழுதாதது ஒண்ணு இருக்கு,” என்றான்.

“சொல்லுங்க.”

“அன்னைக்கு மழையில... நீங்க வெளிய போயி நனைஞ்சுக்கிட்டு நின்னீக. உள்ள வாங்கன்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும். அப்பவே உங்களப் பிடிச்சிருந்துச்சு. இப்பவும் பிடிச்சிருக்கு.” மூச்சை இழுத்துக்கொண்டான். “உள்ள வாங்க, யுவராணி.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். அந்தப் பெரிய கண்களில் முதல் நாள் பார்த்த சிரிப்பு, மெல்ல மெல்ல, நீருக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

“பத்து மாசமா நனைஞ்சுக்கிட்டுல்ல நிக்கிறேன்,” என்றாள்.

ஓரடி எடுத்து வைத்தாள்.